அஞ்சலாட்சியின் சிவப்பு

யசோதரைக்கு அந்தச் சுவர் முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் தங்கள் கண்ணிலிருந்து ஆளுக்கொரு நிறத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தொட்டுப் பார்க்கத் தெருமுனை வரை வரிசை நிற்கிறது. அதைச் செய்த ஓவியர் யசோதரையோ ஒரு மூலையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறாள். கேட்டால், "பெயிண்ட் கடை ஷேட் கார்டு மாதிரி இருக்கு" என்றாள்.

"ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கேக்கா" என்றான் லயனல். நிறத்தை எடுக்கும் எந்திரத்தைச் செய்த பொறியாளன் அவன். யசோதரையைவிட எட்டு வயது சின்னவன்.

"ஜனங்களுக்கு ஜிகினாகூடத்தான் பிடிக்கும்."

வடசென்னையில் கடல் தின்றது போக மிச்சமிருந்த பழைய உப்புக் கிடங்கு அது. நீலவாசல் அறக்கட்டளை என்று ஒன்று அதை வாடகைக்கு எடுத்து, ஓவியர்களையும் பொறியாளர்களையும் கூட்டி வைத்து, நாற்பது நாள் கண்காட்சி நடத்தியது. சுவர் முழுக்கக் கண்ணாடித் தட்டுகள். ஒவ்வொன்றிலும் கூழ் போன்ற ஒன்று. அதன்மேல் உள்ளங்கையை வைத்தால், அந்த நிறம் கொடுத்தவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அப்படியே நமக்குத் தெரியும். நான் பார்க்கும் பச்சையும் நீ பார்க்கும் பச்சையும் ஒன்றுதானா என்பது அதுவரை டீக்கடையில் பொழுதுபோகாதவர்கள் கேட்கிற கேள்வி. இப்போது பதில் தெரிந்துவிட்டது, ஒன்றில்லை. மனைவி கொடுத்த நீலத்தில் கை வைத்த ஒருவர் ரொம்ப நேரம் அப்படியே நின்றார். பிறகு வெளியே போய் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர்.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி அஞ்சலாட்சி. யசோதரை தேடிப்போய்ப் பிடித்து வந்த ஒரே ஆள் அவள்தான். மற்றவர்களெல்லாம் விளம்பரம் பார்த்து வந்தவர்கள். "இந்தத் துறைமுகத்துல செவப்புன்னா என்னன்னு தெரிஞ்ச ஒரு கண்ணு வேணும்" என்று யசோதரை மீன் ஏலக் கூடத்தில் விசாரித்தபோது, நாலு பேரும் ஒரே பேரைத்தான் சொன்னார்கள். அஞ்சலாட்சி மீனின் செவுளைத் தூக்கி ஒரு நொடி பார்ப்பாள், அவ்வளவுதான். இன்றைய மீனா, நேற்றையதா, ஐஸில் நாலு நாள் கிடந்ததா, செவுளில் சாயம் பூசி ஏமாற்றுகிறார்களா என்று சொல்லிவிடுவாள். பெரிய ஓட்டல்காரர்களும் கல்யாண சமையல்காரர்களும் அவள் கூடையைத் தவிர வேறு கூடையைத் தொடமாட்டார்கள்.

அவளை நாற்காலியில் உட்கார வைத்து லயனல்தான் விளக்கினான்.

"உங்களுக்குத் தெரியற சிவப்பு உங்களுக்கு மட்டும்தான்கா தெரியும். அத இந்த மெஷின் எடுத்து ஒரு தட்டுல வைக்கும். நாப்பது நாள் கழிச்சு இதே நாற்காலில உக்காந்தா திருப்பி வச்சிடும்."

"நாப்பது நாளும் எனுக்கு?"

"சிவப்பா இருக்கறதெல்லாம் சாம்பல் கலர்ல தெரியும்."

அஞ்சலாட்சி யோசித்தாள். அறுபது வயதை நெருங்கும் பெண். ஒடிசலான தேகம், உரத்த குரல். "காப்பி எடுத்துக்கினு உட வேண்டிதுதான? ஜெராக்ஸ் கடைல எடுக்கறாங்களே."

"இதக் காப்பி எடுக்க முடியாதுக்கா. இங்கேருந்து எடுத்து அங்க வைக்கலாம், அவ்ளோதான். ரெண்டு எடத்துல ஒரே நேரத்துல இருக்காது."

"தடைக்காலம் முடியறதுக்குள்ள குடுத்துடுவியா?"

அதுதான் அவளுடைய கணக்கு. சித்திரை பிறந்ததும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாதென்று அரசாங்கம் இரண்டு மாதம் தடை போடும். அந்த இரண்டு மாதமும் அவளுக்கு வேலை இல்லை. சிவப்பு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தடை முடிந்து முதல் படகு கரைக்கு வரும் அன்று அவள் கண்ணில் சிவப்பு இருக்க வேண்டும்.

"அதுக்குப் பத்து நாள் முன்னாடியே குடுத்துடுவோம்" என்றாள் யசோதரை. "நான் பொறுப்பு."

"சரி, எடுத்துக்க. மார்க்கெட்ல அல்லாரும் என் கண்ணப் பாத்து வயிறு எரியறாளுங்க. தொட்டுப் பாத்து இன்னும் எரியட்டும்."

அவள் சிவப்பு தட்டில் இறங்கியதும் முதலில் கை வைத்துப் பார்த்தது யசோதரைதான். வைத்த கையை எடுக்கத் தோன்றவில்லை. இருபத்தைந்து வருஷமாகச் சிவப்பைக் குழைத்துத் தின்றவள் அவள். ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அது அழகாக இல்லை என்பதுதான் முதலில் உறைத்தது. அழகுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே சிவப்புக்குள் அடுக்கடுக்காக இருபது முப்பது சிவப்புகள், ஒவ்வொன்றும் ஒரு பதில் மாதிரி. இது நல்லது, இது கெட்டது, இது நாளைக்குக் கெடும். பொறாமையாக இருந்தது அவளுக்கு. பொறாமை என்று அப்போது ஒப்புக்கொண்டிருக்கமாட்டாள்.

பன்னிரண்டாம் நாள் லயனல் ஏதோ உதிரிபாகம் வாங்கப் பெங்களூருக்குப் போயிருந்தான். காலையில் கதவு திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கிடங்கில் யசோதரை மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்போது செய்ததை வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். பொறியாளன் செய்யமாட்டான், காவல்காரர் செய்யமாட்டார், குழந்தைகூடக் கண்ணாடியைத் திறக்கத் தயங்கும். ஆனால் ஓவியர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டியூபிலிருந்து வந்த நிறத்தை அப்படியே துணியில் பூசமாட்டார்கள். கல்லூரியில் முதல் வருஷம் முதல் வகுப்பில் சொல்லிக் கொடுப்பது அது. நிறத்தை நேராக எடுத்துப் பூசினால் வாத்தியார் கையில் தட்டுவார். கலந்தால்தான் அது உன் நிறம்.

தட்டை உடைக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்றெல்லாம் லயனல் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தான். கலக்காதீர்கள் என்று எழுதவில்லை. அப்படி ஒருத்தி கலப்பாள் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

அவள் பைக்குள்ளிருந்து வண்ணக்கத்தியை எடுத்தாள். அக்கம்பக்கத்துத் தட்டுகளின் மூடியைத் திறந்து, ஓரத்தில் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் இழுத்துவிட்டாள். ஒரு பஸ் டிரைவரின் மஞ்சள் ஒரு நர்ஸின் பச்சைக்குள் ஓடியது. சுவர் மூச்சு விட ஆரம்பித்த மாதிரி இருந்தது. பிறகு கை நிற்கவில்லை. அஞ்சலாட்சியின் சிவப்பை, ஓய்வு பெற்ற கப்பல் மாலுமி ஒருவர் கொடுத்த நீலத்தோடு கடைசிச் சொட்டு வரை கலந்தாள். கலந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது அழுதுவிட்டாள். வாழ்நாளில் தான் செய்ததிலேயே சிறந்தது அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. உண்மையும் அதுதான்.

அன்று வந்த கூட்டம் திரும்பிப் போகவில்லை. மறுநாள் இரண்டு மடங்காக வந்தது. அறக்கட்டளைச் செயலாளர் விக்கிரமன் டெல்லியிலிருந்து விமானம் பிடித்து வந்து, கை வைத்துப் பார்த்து, "மேடம், இது வேற லெவல்" என்று மூன்று தரம் சொன்னார்.

லயனல் ஐந்து நாள் கழித்து வந்தான். கூட்டத்துக்குள் புகுந்து சுவருக்கு முன்னால் நின்றான். அவனுக்கும் கண் கலங்கியது. "எப்டிக்கா பண்ணீங்க? லைட்டா?"

"கலந்தேன்."

"என்னது?"

"கத்தியால. தட்டத் தெறந்து."

அவன் சுவருக்குக் கிட்டே போய்த் தட்டுகளின் மூடியைப் பார்த்தான். பிறகு, "எத்தன தட்டு?" என்றான்.

"எண்ணல. நூத்தம்பதுக்குக் குறையாது. ஏன்?"

"டீல சக்கரையப் போட்டுக் கலக்கியாச்சு. இப்ப சக்கரைய மட்டும் தனியா எடுங்கன்னா எடுப்பீங்களா?" அவன் குரல் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அதுல இருந்தது பெயிண்ட் இல்லக்கா. ஒரு ஒரு ஆளு."

யசோதரை பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஞாபகம் வந்தது ஒரே ஒரு முகம்தான்.

அடுத்த மூன்று நாளும் இருவரும் பிரிக்க முயன்றார்கள். சூடாக்கினார்கள், குளிரவைத்தார்கள், சுழற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. விஷயத்தைக் கேட்ட விக்கிரமன் அதிர்ச்சியடைந்தாரோ என்னவோ, காட்டிக்கொள்ளவில்லை. "கண்காட்சி முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல வேணாம். இப்ப சொன்னா பீதிதான் கிளம்பும். கடைசி நாள் பாத்துக்கலாம்" என்றார். யசோதரை சரி என்று தலையாட்டினாள். கலந்ததுகூடத் தெரியாமல் செய்தது. இந்தத் தலையாட்டல் தெரிந்து செய்தது. அதற்குப் பிறகு இருபது நாள் அவள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தாள், பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு நாள் அஞ்சலாட்சி தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்து, தன் தட்டு இருந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாமோ ஊதாவா கீது. என்னுது இப்டியா இருந்துச்சி?"

"லைட்டு அப்படி விழுதுக்கா" என்றாள் யசோதரை.

நாற்பதாம் நாள் எல்லோரும் வந்தார்கள். கலக்காத தட்டுக்காரர்களை முதலில் உட்கார வைத்தார்கள். அவர்கள் நிறத்தை வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனார்கள். பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட்டு லயனல் விஷயத்தைச் சொன்னான். விக்கிரமன் சொல்லவில்லை, யசோதரைக்கு வாய் வரவில்லை. சண்டை வரும் என்று நினைத்து வெளியே இரண்டு போலீஸ்காரர்களை நிறுத்தியிருந்தார்கள். சண்டை வரவில்லை. மனிதர்கள் தங்களுக்குப் போனது என்னவென்று புரிய நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். கலந்துபோனதையே ஆளுக்குப் பாதியாகக் கண்ணில் திருப்பி வைத்துவிடலாம் என்றதும் பாதிப்பேர் ஒத்துக்கொண்டார்கள். பஸ் டிரைவருக்கு மஞ்சள் என்று ஒன்று வந்தது, பாசி பிடித்த மஞ்சள். அவருக்குச் சிக்னலில் இனி நடு விளக்கும் கீழ் விளக்கும் ஒன்றுபோலத்தான். ஒவ்வொருவருக்கும் 'பங்களிப்புக் கலைஞர்' என்று தங்க எழுத்தில் அச்சடித்த சான்றிதழ் ஒன்றை அறக்கட்டளை கொடுத்தது. மாலுமி அதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அஞ்சலாட்சி கடைசிவரை நாற்காலியில் உட்காரவில்லை.

"பாதிச் செவப்ப வச்சிக்கினு நா இன்னா பண்றது? பாதி மீனு விக்கறதா?"

"வேற வழி இல்லக்கா" என்றான் லயனல்.

"பத்து நாள்ல படகு வந்துரும்." அவள் யசோதரையைத்தான் பார்த்தாள். "நீ பொறுப்புன்னு சொன்ன."

யசோதரை அதற்காகவே காத்திருந்தவள் போல எழுந்து வந்தாள். "என்னோடதக் குடுக்கறேன். என் சிவப்பு. முழுசா எடுத்துக்குங்க."

லயனல் அவளைக் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துப் போனான். "அக்கா, நீங்க பெயிண்டர்."

"தெரியும்."

"விளையாட்டு இல்ல. ஒரு நிறத்த ரெண்டு தடவதான் நகத்தலாம். இப்பக் குடுக்கறது ஒரு தடவ. வேணாம்னு திருப்பி வாங்கினீங்கன்னா ரெண்டு. மூணாவது தடவ எடுத்தா அறுந்துடும், யாருக்கும் இருக்காது."

"ஒரு தடவ போதும்" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் கிடங்கை விட்டு வெளியே வந்தபோது எதிர்ப்பக்கக் கோவில் சுவரில் சாம்பல் பட்டையும் வெள்ளைப் பட்டையும் மாறி மாறித் தெரிந்தது. வீட்டில் தக்காளி கல் மாதிரி இருந்தது. விரலில் கத்தி பட்டபோது வந்தது என்னவென்று புரிய ஒரு கணம் ஆனது. பாதி முடிந்த ஓவியங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்வானேன், உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. செய்த தப்புக்கு ஈடு கட்டியாகிவிட்டது என்ற நிம்மதி. தியாகம் பண்ணியவர்களுக்கு வருகிற ஒரு சின்னத் திமிர் உண்டே, அதுவும் கூடவே வந்து உட்கார்ந்திருந்தது. மற்ற நூற்றுச் சொச்சம் பேருக்கு என்ன ஈடு என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. தன்னிடம் இருப்பது ஏழெட்டு நிறம், எத்தனை பேருக்குத்தான் பிய்த்துக் கொடுப்பது என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டாள்.

தடைக்காலம் முடிந்து மூன்று வாரம் கழித்து ஒரு காலை அஞ்சலாட்சி வந்தாள். இடுப்பில் கூடை. கண்காட்சி முடிந்து சுவரெல்லாம் காலியாகி, எந்திரத்தைப் பிரித்துப் பெட்டியில் போட லயனலும் யசோதரையும் மட்டும் இருந்தார்கள். அடுத்த கண்காட்சி கோழிக்கோட்டில். இந்த முறை கலப்பதற்கென்றே நிறம் கேட்கலாம், கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று விக்கிரமன் ஏற்பாடு பண்ணியிருந்தார். மறுநாள் காலை ரயில்.

அஞ்சலாட்சி கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"எப்டிக்கா இருக்கீங்க?" என்றாள் யசோதரை.

"உன் செவப்பு ரொம்ப அழகா கீதும்மா" என்றாள் அஞ்சலாட்சி. "நா அப்டி பாத்ததே இல்ல. மொத நாளு ஏலத்துக்குப் போனேன். செவுளத் தூக்கறேன், அல்லாம் ஜொலிக்குது. நேத்து மீனும் ஜொலிக்குது, மூணு நாளு மீனும் ஜொலிக்குது. எது நல்லா கீதுன்னு பாத்தா, அல்லாத்தியும் விட சோக்கா கீறது எது தெரியுமா? சாயம் பூசின செவுளு."

லயனல் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"மூணு கூட வாங்கிக்கினு வந்தேன். ஓட்டலுக்குப் போச்சி. பதினாலு பேரு ஆஸ்பத்திரில. நல்லவேள, உசுருக்கு ஒண்ணும் இல்ல." அவள் குரலில் அழுகை இல்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். "அத்தினி வருசம் ஒருத்தன் என் கூடைல ஒரு மீன எடுத்து மோந்து பாத்தது இல்ல. இப்ப அல்லாரும் மோந்து பாக்கறானுங்க."

"நான்... எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் யசோதரை. "என் சிவப்பு அப்படின்னு."

"உனுக்கு எப்டித் தெரியும்? நீ படம் போடறவ. உன் கண்ணுக்கு அல்லாமே அழகா தெரியணும். எனுக்கு அது இன்னாத்துக்கு?"

லயனல் மெதுவாகச் சொன்னான். "கொஞ்ச நாள் பழகினா சரியாகலாம்கா. கண்ணு கத்துக்கும்."

"நா கத்துக்கற வரிக்கும் எவன் காத்துக்கினு இருப்பான்? இதுக்கு ஒண்ணும் இல்லாம இருந்தாலே தேவல. சாம்பலா தெரிஞ்சா கண்ண நம்பமாட்டேன். அமுக்கிப் பாப்பேன், மோந்து பாப்பேன். இது கண்ணு முன்னால நின்னு பொய் சொல்லுது." அவள் எழுந்து போய்த் தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தாள். "எடுத்துக்க. உன்னுது உன்கிட்டயே இருக்கட்டும்."

யசோதரை வேண்டாம் என்றாள். இரண்டு தரம் சொன்னாள். அப்படிச் சொல்லும்போதே உள்ளே எங்கோ ஒரு மூலையில், கோழிக்கோட்டுக்குச் சிவப்போடு போகலாம் என்று ஒரு குரல் சந்தோஷப்பட்டது அவளுக்கே கேட்டது. அந்தக் குரலை அவள் வெறுத்தாள். ஆனால் மூன்றாவது தரம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"ரெண்டாவது தடவ" என்றான் லயனல், இருவருக்கும் பொதுவாக. "இதோட முடிஞ்சுது. இதுக்கப்புறம் யாரு அழுதாலும் நகத்த முடியாது. புரியுதில்ல?"

"புரியுதுப்பா. சீக்கிரம் ஆவட்டும்."

அரை மணி நேரம் ஆயிற்று. அஞ்சலாட்சி கண்ணைத் திறந்து, தன் புடவை முந்தானையைப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். யசோதரை உட்கார்ந்தாள். நெற்றியில் எந்திரத்தின் பட்டையைக் கட்டினான் லயனல். உள்ளே ஏதோ நகர்ந்தது, சூடாக, பழகிய வீட்டுக்குள் ஆள் வருவதுபோல. கண்ணைத் திறந்தாள்.

முதலில் பார்த்தது அஞ்சலாட்சியின் முந்தானையை. சிவப்பு. தன் சிவப்புதான், சந்தேகமில்லை. ஆனால் பார்த்தவுடனே, அந்தத் துணி இரண்டாம் தரச் சாயம், வெயிலில் மூன்று மாதம் காய்ந்தது, கரை ஓரத்தில் சாயம் போக ஆரம்பித்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு முன் எந்தச் சிவப்பைப் பார்த்தும் அவளுக்கு அப்படித் தோன்றியதில்லை. நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை, இரண்டே தீர்ப்புதான் அவளிடம் இருந்தது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"வந்துடுச்சா?" என்றாள் அஞ்சலாட்சி. கூடையிலிருந்து ஒரு சங்கரா மீனை எடுத்து, செவுளைக் கட்டைவிரலால் தூக்கி, கேலியாக நீட்டினாள். "எப்டி, ஜொலிக்குதா?"

யசோதரை பார்த்தாள். ஜொலிக்கவில்லை. மேலே ஒரு சிவப்பு, அதற்கு அடியில் இன்னொன்று, கறுக்கத் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி.

"இது நேத்து மீன்" என்றாள். "நேத்து மதியம் பிடிச்சது. ஐஸ்ல சரியா வைக்கல."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

அஞ்சலாட்சி மீனை மூக்கருகே கொண்டுபோனாள். வயிற்றை விரலால் அமுக்கினாள். பிறகு கூடையிலிருந்து இன்னொன்றை எடுத்துச் செவுளைத் தூக்கினாள். இப்போது அவள் முகத்தில் கேலி இல்லை.

"இது இன்னிக்குக் காலைலது."

இன்னொன்று.

"இது சாயம்."

கடைசி மீனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அஞ்சலாட்சி லயனலைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எங்கேயும் பார்க்காமல் பதில் சொன்னான்.

"நீங்க இத்தன நாளா அத வச்சு மீன் பாத்திருக்கீங்கக்கா. தெனமும் ஏமாந்து, ஏமாந்தது தெரிஞ்சு, மறுபடி பாத்து. அது உங்ககிட்ட கத்துக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ ஆயிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். கத்துக்கிட்டதோட சேத்துத்தான் இப்ப இவங்ககிட்டத் திரும்பி வந்திருக்கு."

அவன் எந்திரத்தின் வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

யசோதரை நாற்காலியை விட்டு எழுந்தாள். முதல் முறை எடுத்தபோது தெரியாமல் எடுத்தாள். இந்த முறை அந்தப் பெண் தானாக வந்து உட்கார்ந்து கொடுத்தாள். இரண்டு முறையும் போனது அஞ்சலாட்சியுடையதுதான், இரண்டு முறையும் வந்து சேர்ந்தது தன்னிடம்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து போன அந்தக் கிடங்கில் ஒன்றும் இழக்காமல், வந்தபோது இருந்ததைவிட ஒன்று கூடுதலாக வைத்துக்கொண்டு நிற்பவள் அவள் ஒருத்திதான். மன்னிப்பு கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்டால் அதற்கும் அஞ்சலாட்சியிடமிருந்துதான் ஒரு பதிலை வாங்க வேண்டும் என்று பட்டதும், வாயை மூடிக்கொண்டாள்.

அஞ்சலாட்சி மீன்களைத் திரும்பக் கூடையில் அடுக்கினாள். நேற்றையதையும் சாயம் பூசியதையும் தனியாக எடுத்து ஒரு பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசல் வரை போனாள். அங்கே நின்றாள்.

"விடிகாலைல நாலரைக்கு ஏலம். நாலு மணிக்கெல்லாம் கேட்டாண்ட வந்து நில்லு. எனுக்கு நீதான் செவுளு பாக்கணும்."

"நாளைக்கு எனக்கு..." என்று ஆரம்பித்த யசோதரை நிறுத்திக்கொண்டாள். பெட்டியின் மேல் ரயில் டிக்கெட் கிடந்தது. லயனல் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி திருப்புளியைத் தேடினான். "வரேன்கா" என்றாள். பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டாள். "எத்தன நாளைக்கு?"

அஞ்சலாட்சி கூடையை இடுப்பில் சரிசெய்துகொண்டாள். நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை.

"என் கண்ணு கத்துக்கறதுக்குப் பதினெட்டு வருசம் ஆச்சி" என்றாள்.